அணுமின் நிலையமும் ஆரம்ப மதிப்பீடும்

ஜவ்வாது மலையின் சரிவுகளில் சிற்றோடைகளாகத் திரண்டு, செங்கத்தையும் திருவத்திபுரத்தையும் கடந்து, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேரும் செய்யாறு, அதன் பிறகு பாலாற்றின் பெயரிலேயே கிழக்கு நோக்கிச் சென்று, கல்பாக்கத்துக்குச் சற்றுத் தெற்கே வயலூர் அருகில் வங்கக் கடலை அடைகிறது. ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடக்கும் அந்தப் படுகையின் அடியில் ஊறுகின்ற நீரைக் கிணறுகளின் வழியாக எடுத்தே, கல்பாக்கத்து அணுசக்தி வளாகமும் அதன் குடியிருப்பும் நெடுங்காலமாகத் தங்கள் நன்னீர்த் தேவையைத் தீர்த்து வந்திருக்கின்றன. சாமை விதைத்தும் புளியும் தேனும் சேகரித்தும் வாழ்கின்ற மலை ஜனங்களுக்கும், யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் கொண்டு ஆராய்ச்சி நடத்துகின்ற விஞ்ஞானிகளுக்கும் இவ்வாறு ஒரு நீர்ப்பந்தம் உண்டு. பணப்பந்தமும் உண்டு. கடலோரத்தில் எழும்பும் நிலையங்களின் செலவு, மின்கட்டணமாகவும் வரியாகவும் உருமாறி, மலைமேலுள்ள ஜமுனாமரத்தூர்ச் சந்தையில் தீப்பெட்டி வாங்குகிறவர் வரையில் வந்து சேர்கிறது.

அணுசக்தி வேண்டுமா, வேண்டாமா என்ற பெரிய வாதத்தில் இறங்குவது என் உத்தேசமன்று. நிலக்கரியை என்றென்றைக்கும் நம்பியிருக்க முடியாது. தமிழ்நாட்டின் காற்றாலைகள் தென்மேற்குப் பருவக்காற்றின் மாதங்களில் சுழல்வதைப் போல மற்ற மாதங்களில் சுழல்வதில்லை. சூரிய ஒளியோ இரவில் இல்லை. ஆகையினால், இரவும் பகலும் ஓடக்கூடிய அணு உலைகளுக்கு நம் மின்சார அமைப்பில் ஓர் இடம் உண்டு என்பதே என் அபிப்பிராயம். ஆனால் ஒரு நிலையத்தைக் கட்டி முடிக்க இவ்வளவு ஆகும் என்று தொடக்கத்தில் சொல்லப்படுகிற தொகை, இதற்கு முன் கட்டி முடித்த நிலையங்களின் உண்மைச் செலவின் மீது நிற்க வேண்டும் என்றும், அந்தத் தொகையைக் கணிக்கிறவர்கள் அந்நிலையத்தைக் கட்டப்போகிறவர்களாகவே இருக்கக் கூடாது என்றும் நான் கருதுகிறேன். இவ்விரண்டும் நம் நாட்டில் இதுவரை நிறைவேறவில்லை.

ஜவ்வாது மலையில் ஒரு கிலோமீட்டர் சாலை போடுவதற்கு எஸ்டிமேட் தயாரிக்கிற ஓவர்சீயர், முதலில் லீடு கணக்குப் போடுகிறார். ஜல்லி எந்தக் குவாரியிலிருந்து வரவேண்டும், மணல் எத்தனை கிலோமீட்டர் வரவேண்டும், கொண்டை ஊசி வளைவுகளில் லாரி எவ்வளவு பாரம் ஏற்றிக்கொண்டு ஏறும், மழைக்காலத்தில் எத்தனை நாள் வேலை நிற்கும் என்பவற்றையெல்லாம் தெரிந்துகொள்ளாமல் அவர் தொகை எழுதுவதில்லை. ஏனெனில், சென்ற வருஷம் பக்கத்துக் கிராமத்தில் போட்ட சாலைக்கு என்ன ஆயிற்று என்பது அவருக்கும், ஒப்பந்தக்காரருக்கும், ஊராட்சித் தலைவருக்கும் ஒருங்கே தெரியும். அணுமின் நிலையத்தின் மதிப்பீட்டில் குறைவது இந்த அனுபவப் பார்வையே. கான்கிரீட் எத்தனை கன மீட்டர், எஃகு எத்தனை டன், குழாய்கள் எவ்வளவு நீளம் என்ற கணக்கு அங்கே நுட்பமாகவே போடப்படுகிறது. நம் பொறியாளர்களின் திறமையில் குறையொன்றும் இல்லை. ஆனால் இதே போன்ற நிலையங்கள் முன்பு எத்தனை ஆண்டுகள் பிந்தின, எத்தனை மடங்கு செலவாயின என்ற கேள்வி அந்தத் தாளில் இடம்பெறுவதில்லை. ஒவ்வொரு நிலையமும் தடையே இல்லாத ஓர் உலகத்தில் கட்டப்படப் போவதாக வைத்துக்கொண்டே தொகை எழுதப்படுகிறது.

கல்பாக்கத்தின் கதையையே எடுத்துக்கொள்வோம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகுக்கு 1970-களின் தொடக்கத்தில் அடித்தளம் இட்டபோது சுமார் 62 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டார்கள். 1984 ஜனவரியில் அது வணிக ரீதியாக இயங்கத் தொடங்கியபோது சுமார் 119 கோடி ஆகியிருந்தது. இரண்டாவது அலகு சுமார் 71 கோடியில் தொடங்கி, 1986-இல் சுமார் 127 கோடியில் முடிந்தது. இந்த உயர்வு முழுவதையும் கணக்கின் பிழை என்று சொல்வது நியாயமாகாது. அந்தப் பதின்மூன்று ஆண்டுகளில் பெட்ரோலிய விலை இருமுறை பாய்ந்து ஏறி, உலகமெங்கும் பண்டங்களின் விலையைத் தூக்கிவிட்டது. 1974-இல் பொக்ரானில் அணுச் சோதனை நிகழ்ந்தபின் கனடா ஒத்துழைப்பை நிறுத்திக்கொண்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உறுப்புகளை இங்குள்ள தொழிற்சாலைகள் முதன்முதலாகச் செய்து பழக வேண்டியதாயிற்று. அந்தத் தலைமுறைப் பொறியாளர்கள் அத்தனை இடையூறுகளுக்கும் நடுவே உலையை இயக்கிக் காட்டியது போற்றத்தக்க சாதனை. எனினும் அந்த அனுபவம் அடுத்த மதிப்பீட்டைத் திருத்தியதா என்று பார்த்தால், திருத்தவில்லை. கல்பாக்கத்தில் இரு மடங்கை நெருங்கிய உயர்வு, பின்னால் வந்த நரோராவிலும் கக்ரபாரிலும் மூன்று மடங்கைத் தாண்டியது.

கூடங்குளத்திற்கு வருவோம். 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்ட உடன்பாடு, சோவியத் யூனியன் சிதைந்ததனால் பத்தாண்டுகள் உறங்கிக் கிடந்து, 1998-இல் புதுப்பிக்கப்பட்டு, 2002 மார்ச்சில் முதல் கான்கிரீட்டாக மண்ணில் இறங்கிற்று. இரண்டு அலகுகளுக்கும் சேர்த்து அப்போது சொன்ன தொகை 13,171 கோடி ரூபாய். முடிவில் அது 22,462 கோடி என்பதை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் 2017-ஆம் ஆண்டு அறிக்கை பதிவு செய்கிறது. வித்தியாசம் 9,291 கோடி. நிலையம் குறித்த காலத்தில் முடியாமல் செலவு ஏறியதற்கெல்லாம், அருகிலுள்ள இடிந்தகரை மக்கள் உலையை எதிர்த்து நடத்திய போராட்டமே காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். முதல் அலகு 2007 டிசம்பரிலும் இரண்டாவது 2008 டிசம்பரிலும் முடிந்திருக்க வேண்டும்; புகுஷிமா விபத்தும், அதனால் எழுந்த போராட்டமும் 2011-இல் நிகழ்ந்தவை. மீனவ மக்கள் பந்தலில் உட்காருவதற்கு முன்பே அந்த நிலையம் மூன்றாண்டுகளுக்கு மேல் பிந்தியிருந்தது என்பது தேதிகளைப் பார்த்த மாத்திரத்தில் விளங்கும். போராட்டமும் தாமதத்தைக் கூட்டியது உண்மையே. ஆனால் முழுப் பழியையும் அந்த ஏழை ஜனங்கள் மீது சுமத்தியது பெரும் அநியாயம்.

அதே கூடங்குளத்தில், அதே மண்ணில், அதே ரஷ்ய வகை உலைகளாக எழும்பும் மூன்றாம் நான்காம் அலகுகளுக்கு 39,849 கோடி என்றும், ஐந்தாம் ஆறாம் அலகுகளுக்கு 49,621 கோடி என்றும் ஒப்புதல் தரப்பட்டிருக்கிறது. ஒரு மெகாவாட்டுக்கு என்று வகுத்துப் பார்த்தால், முதலிரண்டு அலகுகளின் ஆரம்ப மதிப்பீடு சுமார் ஆறரைக் கோடி, இறுதிச் செலவு சுமார் பதினோரு கோடி, அடுத்த இரண்டுக்கு இருபது கோடி, அதற்கடுத்த இரண்டுக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கோடி. ஒரே பண்டத்தைத் திரும்பத் திரும்பச் செய்தால் கை பழகி விலை குறையும் என்பது தொழிற்சாலைகளின் பொது நியதி. இங்கே அந்த நியதி ஏன் தலைகீழாயிற்று என்பதற்குப் பொதுமக்கள் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க ஒரு விளக்கப் பத்திரம் வெளியிடப்பட்டிருக்க வேண்டாமா?

காலதாமதத்தின் விலை இன்னதென்று உணர்ந்தாலன்றி இவ்விஷயத்தின் உயிர்நிலை பிடிபடாது. ஆகையால் வட்டிக் கணக்கைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். நூறு கோடி ரூபாயில் முடியவேண்டிய ஒரு வேலைக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டு முடிவில் இருபது கோடியாகச் செலவழிப்பதாகவும், அவ்வளவும் பத்து சதவீத வட்டிக்கு வாங்கிய கடன் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆண்டின் முடிவில் தலைமேல் நிற்கும் கடன் 122 கோடி. அதே வேலை பத்து ஆண்டுகள் நீடித்து, ஆண்டுக்குப் பத்துக் கோடியாகச் செலவானால், கடன் 159 கோடி ஆகும். இதைக் காட்டிலும் கொடிய நிலை மூன்றாவது. ஐந்தே ஆண்டுகளில் பணம் முழுவதும் செலவாகி, கட்டடம் எழுந்து, இயந்திரமும் வந்து சேர்ந்துவிட, ஏதோ ஒரு வால்வோ, ஒரு பம்போ, ஒரு சோதனையின் முடிவோ வராமையினால் மேலும் ஐந்து ஆண்டுகள் ஒரு யூனிட் மின்சாரமும் விற்காமல் நிலையம் சும்மா நின்றால், அந்த 122 கோடி 197 கோடியாக வளர்ந்துவிடுகிறது. ஒரு மூட்டை சிமெண்டு கூடுதலாக வாங்காமலே, ஓர் ஆளுக்குக் கூடுதலாகக் கூலி கொடுக்காமலே, செலவு ஏறத்தாழ இரட்டித்துவிட்டது! அணுமின் நிலையத்துக்கு எரிபொருள் செலவு சொற்பம். மின்சாரத்தின் விலையில் பெரும்பங்கு முதலீடும் அதன் வட்டியுமே. எனவே எப்போது முடியும் என்பதைத் தவறாகக் கணித்தவர், எவ்வளவு ஆகும் என்பதையும் தவறாகக் கணித்தவரே ஆகிறார். ஆனால் வட்டியையும் விலையேற்றத்தையும் ஒதுக்கிவைத்து, நிலையம் ஒரே இரவில் எழுந்து நின்றுவிடும் என்பது போன்ற பாவனையில் போடப்படும் தொகையே மேடைகளிலும் பத்திரிகைச் செய்திகளிலும் பல சமயங்களில் அடிபடுகிறது. எந்த ஆண்டின் விலையில், எத்தனை சதவீத வட்டியில், எத்தனை ஆண்டுக் கட்டுமானத்தில் என்ற மூன்று குறிப்புகள் இல்லாத தொகைக்கு அர்த்தமே இல்லை.

இந்தக் கணக்குக்கு உட்படாத வேலைகளும் உண்டு. ஜவ்வாது மலையின் மேல் காவலூரில், வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.3 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி, நம் நாட்டவரே வடிவமைத்து, நம் நாட்டிலேயே கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றி, நம் நாட்டுத் தொழிற்சாலையிலேயே உடலமைப்பைச் செய்து எழுப்பியது. அந்தக் கனவைக் கண்ட வானியல் அறிஞர் வைணு பாப்பு 1982-இல் மறைந்தார். தொலைநோக்கி 1986 ஜனவரியில் ராஜீவ் காந்தியால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. இதற்குச் சில வாரங்களுக்கு முன்னால்தான், 1985 டிசம்பரில், கல்பாக்கத்து அணு உலை ஆராய்ச்சி மையம் இந்திரா காந்தியின் பெயரைப் பெற்றது. வடதமிழ்நாட்டில் ஒரே காலத்தில் மலர்ந்த இரண்டு விஞ்ஞானப் பீடங்கள் இவை. காவலூர்த் தொலைநோக்கி பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டதைப் பற்றி எனக்குக் குறையில்லை. முதன்முதலாகச் செய்யப்படும் ஆராய்ச்சிக் கருவி எப்போது முடியும் என்று யாராலும் துல்லியமாகச் சொல்ல இயலாது. அறிவைத் தேடும் முயற்சிக்கு நாடு கொடுக்கும் காணிக்கை அது. அதனிடம் யூனிட்டுக்கு எத்தனை காசு என்று கேட்பது முறையன்று.

கல்பாக்கத்து முன்மாதிரி அதிவேக ஈனுலையை இந்தத் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். அது எரிக்கும் எரிபொருளைக் காட்டிலும் அதிகமான எரிபொருளைப் பெருக்கித் தரவல்லது. நம்மிடம் மிகுதியாக உள்ள தோரியத்தைப் பயன்படுத்துவதற்கு ஹோமி பாபா வகுத்த மூன்று படித் திட்டத்தின் இரண்டாம் படி அதுவே. ஆயிரத்து எழுநூறு டன்னுக்கு மேற்பட்ட திரவ சோடியம் அதன் உடலில் ஓடவேண்டும். காற்றுப் பட்டால் தீப்பிடித்து, நீர் பட்டால் வெடிக்கும் பொருள் அது. 500 மெகாவாட் அளவில் அப்படியொரு உலையை இந்தியா அதற்கு முன் கட்டியதே இல்லை. 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கிய சிறிய சோதனை உலையே நமக்கிருந்த முன் அனுபவம். அவ்வாறிருக்க, 2003-இல் பாவினி என்ற தனி நிறுவனத்தை அமைத்து, 3,492 கோடி ரூபாயில் 2010-இல் முடித்து, மின்சாரம் விற்றுக் கடன் அடைக்கப்படும் என்று கணக்குச் சொன்னார்கள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி சுனாமி வந்து, அப்போதுதான் தோண்டியிருந்த அடித்தளக் குழியை மூழ்கடித்தது. அது தெய்வச் செயல், எவரும் பொறுப்பல்லர். ஆனால் அதற்குப் பின் நிகழ்ந்த தாமதங்கள், முதன்முதலாகச் செய்யப்படும் எந்த வேலையிலும் நிகழக்கூடியவையே. மதிப்பீடு 5,677 கோடியாகத் திருத்தப்பட்டு, பிறகு அதனினும் மேலே சென்றது. 2024 மார்ச்சில், பிரதமர் முன்னிலையில், உலையின் மையப் பகுதியை நிரப்பும் பணி தொடங்கியபோது, முதலில் குறித்த காலத்தைக் கடந்து பதின்மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தன.

இதை நான் விஞ்ஞானிகளின் தோல்வியாகக் கருதவில்லை. ஜெர்மனி தன் பெரிய ஈனுலையைக் கட்டி முடித்தும் இயக்காமலே கைவிட்டது; பிரான்ஸ் தன் சூப்பர் பீனிக்ஸை 1990-களின் இறுதியில் மூடியது; ஜப்பானின் மோன்ஜு 1995-இல் சோடியக் கசிவுக்கு உள்ளாகி, பிறகு தலை எடுக்கவே இல்லை. இவ்வளவு கடினமான பாதையில் கல்பாக்கத்துப் பொறியாளர்கள் மனம் தளராமல் நடந்திருக்கிறார்கள். குற்றம், காவலூர்த் தொலைநோக்கியைப் போல் ஆராய்ச்சிச் செலவாக எழுதியிருக்க வேண்டிய ஒன்றை, வணிக நிலையத்தின் கணக்கில் எழுதி, நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமான ஒரு தொகையை வைத்ததில் இருக்கிறது.

மதிப்பீடு எப்போதும் ஒரே திசையில், குறைவாகவே, பிழைப்பது ஏன்? அறியாமை மட்டும் காரணமாக இருந்தால், பாதி நிலையங்கள் மதிப்பீட்டை விடக் குறைந்த செலவிலும் முடிந்திருக்க வேண்டும். திட்டம் அனுமதி பெற வேண்டும் என்று விரும்புகிறவர்களே தொகையையும் எழுதுகிறார்கள் என்பதும், முதல் தொகை குறைவாயிருந்தால் அனுமதி எளிது என்பதும், பாதி கட்டியபின் எந்தச் சர்க்காரும் கைவிடத் துணியாது என்பதும் சேர்ந்தே இவ்வழக்கம் வேரூன்றியிருக்கிறது. இது நமக்கு மட்டும் உரிய வியாதியன்று. பின்லாந்தில் ஓல்கிலுவோட்டோவின் மூன்றாம் உலை, நிலையான விலை ஒப்பந்தத்தின்படி சுமார் முந்நூறு கோடி யூரோவில் முடியவேண்டியது, 2005-இல் தொடங்கி 2023-இல்தான் முழுமையான உற்பத்திக்கு வந்தது. செலவு மூன்று மடங்கைத் தாண்டியது. கட்டிய பிரெஞ்சு நிறுவனமோ நொடித்துப் போயிற்று. உலகின் பெருந்திட்டங்களை ஆயிரக்கணக்கில் தொகுத்து ஆராய்ந்த பென்ட் ஃபிளிவ்பியர் என்ற டென்மார்க் அறிஞர், அணுமின் நிலையங்கள் சராசரியாக 120 சதவீதம் கூடுதலாகச் செலவு வைக்கின்றன என்றும், சூரிய மின் திட்டங்களில் அந்த உயர்வு ஒரு சதவீதமே என்றும் காட்டியிருக்கிறார். ஒரே வடிவத்தை மாற்றாமல் கட்டிப் பழகிய தென்கொரியர்கள் இந்த வியாதியைப் பெருமளவு அடக்கினார்கள் என்பதும் குறிப்பிடத் தக்கது. நாம் 700 மெகாவாட் கனநீர் உலைகளில் பத்தினை ஒரே தொகுதியாகக் கட்ட 2017-இல் முடிவு செய்ததற்கும் அதுவே நியாயம். அந்த முடிவை நான் மனமார வரவேற்கிறேன்.

ஆயினும் கட்டுமானத் தொகையில் இடம்பெறாமல் ஒதுங்கிப் போகும் செலவுகள் வேறு சில உண்டு. கனநீர் உலைக்குள் நிரப்பப்படும் கனநீரின் விலை நிலையத்தின் முதலீட்டில் சேராமல், அணுசக்தித் துறையிடம் பெற்ற குத்தகையாகக் கணக்கில் வருகிறது. ஆயுள் முடிந்த உலையைக் கழற்றி அகற்றுவதற்கென்று யூனிட்டுக்கு இரண்டு பைசா என்ற ஒரு சிறு தொகையே பிடிக்கப்பட்டு வந்திருக்கிறது. இவற்றைவிட முக்கியமானது, 1962-ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டத்தின்படி அணு மின்சாரத்தின் விலையை அணுசக்தித் துறையே நிர்ணயித்து வந்தது என்பது. மின் பகிர்மானக் கழகம் கட்டணத்தை உயர்த்த விரும்பினால் ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துகிறது. விவசாயியும் சிறுதொழில் நடத்துகிறவரும் அங்கே எழுந்து நின்று ஆட்சேபிக்கிறார்கள். கட்டியவரும், கணக்குப் போட்டவரும், விலை வைத்தவரும் ஒரே துறையினராக இருக்குமிடத்தில் அந்த வாய்ப்பு எவருக்கும் கிடைத்ததில்லை.

ஜவ்வாதுத் தொடரைச் சார்ந்த அல்லேரி மலையில், 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில், பாம்பு தீண்டிய ஒரு சிறு குழந்தையை நல்ல சாலை இல்லாமையினால் உரிய நேரத்தில் மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்க முடியவில்லை. இறந்த பின்பும் அக்குழந்தையின் உடலைத் தாய் கையிலேந்தி மலைமேல் நடக்க நேர்ந்ததை நாடு முழுவதும் பத்திரிகைகளில் படித்தது. நோயாளிகளை டோலி கட்டித் தூக்கிவரும் குக்கிராமங்கள் இம்மலையில் இன்னும் இருக்கின்றன. காட்டின் ஊடே சாலை போட வனத்துறையின் அனுமதி வேண்டும் என்பது ஒரு தடை; அது சட்டத்தின் தடை. ஆனால் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ, ஒரு தார்ச்சாலைக்கோ கேட்கப்படும் சில கோடிகள், மதிப்பீடு அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்டுத் திருப்பி அனுப்பப்பட்டுத் தேய்கிற அதே தேசத்தில், கூடங்குளத்தின் 9,291 கோடி உயர்வு ஒரு திருத்திய ஒப்புதலோடு கடந்து போயிற்று. ஏழையின் எஸ்டிமேட்டைப் பைசா பைசாவாகச் சோதிக்கிற நிர்வாகம், பெரிய திட்டத்தின் எஸ்டிமேட்டையும் அதே சிரத்தையோடு சோதிக்க வேண்டும் என்று இந்த மலை ஜனங்களின் சார்பில் கேட்பதற்கு எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2047-க்குள் ஒரு லட்சம் மெகாவாட் அணுமின் திறன் வேண்டும் என்று 2025-ஆம் ஆண்டின் மத்திய வரவு செலவுத் திட்டம் இலக்கு வைத்தது. சிறு உலைகளின் ஆராய்ச்சிக்கென்று 20,000 கோடி ஒதுக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய அணுசக்திச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய சட்டம் இயற்றி, தனியாருக்கும் வாசலைத் திறந்தது. நம்மிடம் இன்று உள்ள திறன் ஏறத்தாழ ஒன்பதாயிரம் மெகாவாட். பத்து உலைத் தொகுதிக்கு மதிப்பிட்ட 1,05,000 கோடியை அதன் 7,000 மெகாவாட்டால் வகுத்தால் மெகாவாட்டுக்குப் பதினைந்து கோடி ஆகிறது. அந்த விலையிலேயே எஞ்சிய இலக்கை எட்டுவதென்றாலும் பதின்மூன்றரை லட்சம் கோடிக்கு மேல் வேண்டும். அதே 700 மெகாவாட் வகையில் முதலாவதாக எழுந்த கக்ரபாரின் மூன்றாம் நான்காம் அலகுகள் 11,459 கோடியில் தொடங்கி, அதன் இரு மடங்கை நெருங்கி முடிந்திருக்கின்றன. அதே விகிதத்தில் பிழை நேர்ந்தால், இன்னொரு பதின்மூன்று லட்சம் கோடிக்கு நாடு எங்கே போகும்?

புதிய நிலையம் ஒவ்வொன்றுக்கும் அனுமதி தருவதற்கு முன்பு, அணுசக்தித் துறையைச் சாராத ஒரு குழு, மத்திய மின்சார ஆணையத்தின் நிபுணர்களையும் தணிக்கைத் துறையினரையும் கொண்டு, இதுவரை முடிந்த இந்திய நிலையங்களின் உண்மைச் செலவையும் உண்மைக் காலத்தையும் அடிப்படையாக வைத்துத் தனியே ஒரு மதிப்பீடு செய்யட்டும். ஒரே தொகையாக இல்லாமல், குறைந்தது இவ்வளவு, அதிகமானால் இவ்வளவு என்று இரண்டு எல்லைகளைச் சொல்லட்டும். அந்தப் பத்திரம் தமிழிலும் வெளிவரட்டும். மத்திய சர்க்கார் இதற்கு இசையும் வரையில் தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. கூடங்குளத்தின் மின்சாரத்தில் பெரும்பங்கை வாங்குகிறவர்கள் நாமே. அடுத்த அலகுகளுக்கான கொள்முதல் ஒப்பந்தம் மேஜைக்கு வரும்போது, கட்டுமானம் பிந்துவதனால் ஏறும் வட்டியை வாங்குகிறவர் தலையில் ஏற்றக் கூடாது என்ற ஒரு ஷரத்தை எழுதிச் சேர்த்த பின்பே கையெழுத்திட வேண்டும் என்று நம் மாநில சர்க்காரும் பகிர்மானக் கழகமும் இப்போதே தீர்மானிக்கலாம்.